எழுதுவது டால்ஸியல்... கூப்பிடுவது ‘டீ-எல்’!

ஸ்காட்லாந்தில் அபூர்வமான குடும்பப் பெயர் ஒன்று உண்டு. எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘டால்ஸியல்’. ஆனால், அந்தப் பெயர்க்காரரை நீங்கள் ‘டீ-எல்’ என்றுதான் கூப்பிட வேண்டும். டி, எல் என்று இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் சொல்வதுபோல, அவ்வளவுதான்!

அப்படியானால் நடுவில் இருக்கும் ‘இசட்’ எங்கே போனது? உண்மையில், அது இசட்டே இல்லை.

பழைய ஸ்காட்லாந்து எழுத்து வழக்கில் ‘யோக்’ என்றோர் எழுத்து இருந்தது. பார்க்க 3 என்ற எண் போல இருக்கும். இந்தப் பெயரில் அது தந்தது ‘ய’ ஓசை. 1508-ல் எடின்பரோவில் அச்சு வேலை தொடங்கியது. அச்சுக் கோப்பவர்களிடம் யோக் எழுத்து இல்லை. கையெழுத்தில் ஏறக்குறைய அதைப்போலவே தெரிந்த இசட்டை எடுத்துக் கோத்துவிட்டார்கள். எழுத்து மாறியது, மக்களின் வாய் மாறவில்லை.

இன்னொரு பெயருக்கும் இதே கதைதான். எழுதுவது ‘மென்ஸீஸ்’, சொல்வது ‘மிங்கிஸ்’. பிரிட்டிஷ் அரசியல்வாதி மென்ஸீஸ் கேம்ப்பெல்லுக்கு ‘மிங்’ என்ற செல்லப்பெயர் வந்தது இதனால்தான்.

சரி, டீ-எல் என்றால் என்ன அர்த்தம்?

குடும்பம் சொல்லும் கதை சுவாரஸ்யமானது. மன்னரின் உறவினர் ஒருவரை எதிரிகள் தூக்கிலிட்டுத் தொங்கவிட்டார்களாம். ‘உடலை மீட்டு வர யாருக்குத் துணிச்சல்?’ என்று மன்னர் கேட்க, ஒரு வீரர் ‘நான் துணிகிறேன்’ என்று முன்வந்தாராம். அவர் சொன்ன பதிலே பெயராகிவிட்டது என்பார்கள். ‘துணிகிறேன்’ என்பதே இந்தக் குடும்பத்தின் முழக்கம்.

ஆனால், பெயரின் வேர் மண்ணில் இருக்கிறது. லானார்க்‌ஷயரில், மதர்வெல் நகரை ஒட்டிய பழைய நிலப்பகுதிதான் டால்ஸியல். கேலிக் மொழியில் ‘வெள்ளை வயல்’ என்று பொதுவாகப் பொருள் சொல்கிறார்கள். அந்த நிலத்தை ஆண்டவர்களுக்கு ஊர்ப் பெயரே குடும்பப் பெயரானது.

ஒரு கிளையினர் இசட் இருந்த இடத்தில் ‘ஒய்’ போட்டு எழுதுகிறார்கள். 1962 முதல் 2005 வரை 43 ஆண்டுகள் பிரிட்டிஷ் எம்.பி-யாக இருந்த டாம் டேலியல் அந்த வழி வந்தவர். அவர் பெயரையும் ‘டீ-எல்’ என்றே சொல்ல வேண்டும்!

கடல் கடந்து குடியேறிய கிளைகளில் பலர், எழுத்தில் உள்ளபடி ‘டால்ஸெல்’ என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். சரியாகச் சொல்லித்தர பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால், எழுத்துதானே ஜெயிக்கும்?

மதர்வெல்லில் இன்றும் டால்ஸியல் பெயரில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. பலகையில் இசட் உண்டு. ஊர்ப் பிள்ளைகள் வாயில் ‘டீ-எல்’தான். அச்சுக்கூடம் தொலைத்த எழுத்தை 500 வருடங்களாகக் காப்பாற்றி வருவது வெறும் பேச்சு!