ஓய்வு பெறும் வயதும் முதிய தொழிலாளர் நிலையும்

தடாவிலிருந்து காளத்தி செல்லும் சாலையில் அமைந்த வரதய்யபாளையத்தில், ஒரே தெருவில் அண்டை வீட்டாராய் வாழும் நம்மவர்கள், ஒரே ஆண்டில் பிறந்திருப்பினும், ஒரே வயதில் ஓய்வு பெறுவதில்லை. ஆந்திர அரசுப் பள்ளி ஆசிரியர் 62 வயது வரை பணிபுரியலாம். ரயில்வே சிப்பந்திகளாகிய நமக்கு 60. எல்லை கடந்து தமிழக அரசு உத்தியோகம் பார்ப்பவருக்கும் 60. அருகிலுள்ள ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளில் உழைப்பவருக்கோ, வருங்கால வைப்புநிதியைச் சார்ந்த ஓய்வூதியம் 58இல் தொடங்குகிறது. முதுமை யாவருக்கும் ஒன்றே. அதற்கு விதிகள் வகுக்கும் எல்லைதான் பலவாக இருக்கிறது.

இந்த எல்லை அடிக்கடி இடம் மாறியதும் உண்டு. மத்திய அரசு ஊழியருக்கு 1962இல் 55 என்பது 58 ஆயிற்று. 1998இல் 60 ஆயிற்று. தமிழகத்தில் 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. ஆந்திரத்தின் கதையோ இவற்றினும் விசித்திரமானது.

அங்கு 1979இல் 55 என்பது 58 ஆக உயர்த்தப்பட்டது. 1983 ஜனவரியில் என். டி. ராமராவ் முதலமைச்சரானார். பிப்ரவரி 8ஆம் தேதி வெளியான உத்தரவு, வயது வரம்பை மீண்டும் 55 ஆகக் குறைத்தது. 55ஐக் கடந்திருந்தோர் அம்மாத இறுதியிலேயே வெளியேற நேர்ந்தது. மகளின் திருமணத்தையும் மகனின் படிப்பையும் இன்னும் மூன்று ஆண்டுச் சம்பளத்தை நம்பித் திட்டமிட்டிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த அவகாசம் இருபது நாட்களே! படித்த இளைஞர்களுக்கு வேலை தருவதற்காகவே இம்மாற்றம் என்று அரசு கூறிற்று. அந்த நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் ஒரு வீட்டின் விளக்கை ஏற்ற மற்றொரு வீட்டின் விளக்கை அணைப்பது நியாயமா என்ற வினா எழாமல் போகவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. இதற்கிடையில் 1984 ஆகஸ்டில் வயது வரம்பு மீண்டும் 58 ஆயிற்று. 1985 ஜனவரியில் நாகராஜ் என்பாரின் வழக்கில், வயதைக் குறைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பாயிற்று. அதே ஆண்டில் பிரபாகர ராவ் என்பாரின் வழக்கில், 58 நிறைவதற்கு முன் அவ்வாறு வெளியேற்றப்பட்டவர்களுக்கும் மீட்கப்பட்ட வயது வரம்பின் பயன் உண்டு என்று நீதிமன்றம் கூறியது. அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதனால் அடிபட்டவரை மறந்துவிடலாகாது என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் நாம் பெறும் பாடம்.

பின்னர் காற்று எதிர்த்திசையில் வீசியது. ஆந்திரத்தில் 2014இல் 60 ஆகவும், 2022இல் 62 ஆகவும் வயது உயர்ந்தது. அனுபவசாலிகளின் சேவை நீடிப்பது நன்மையே. ஓய்வுக்காலப் பணப்பலன்களை வழங்கும் சுமையும் அரசின் கஜானாவுக்குச் சில ஆண்டுகள் தள்ளிப் போகிறது. ஆனால் தேர்வெழுதிக் காத்திருக்கும் இளைஞனுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு யுகமன்றோ? எந்த வயதை வைத்தாலும் ஒரு சாரார் மகிழ்வர், மற்றொரு சாரார் வாடுவர்.

இவையெல்லாம் அரசு ஊழியரைப் பற்றிய விவாதங்கள். இவற்றில் இடம் பெறாத பெருந்திரளினர் உண்டு. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் தொழிலாளியின் ஓய்வைக் கெஜட் நிர்ணயிப்பதில்லை. அவருடைய முழங்காலும் கண்பார்வையுமே நிர்ணயிக்கின்றன. இரவு முறை வேலையும், நாள் முழுதும் நின்று செய்யும் வேலையும் ஐம்பதைக் கடந்த உடலுக்கு எளிதல்ல. புதிய இயந்திரங்களைப் பழக அவருக்கு அவகாசம் தருவோரும் சிலரே. சிங்கப்பூரில் 2022 ஜூலை முதல் ஓய்வு வயது 63 ஆயிற்று. அதன் பின்னும் தகுதியுள்ளோருக்கு 68 வரை மறுவேலை அளிக்க முன்வருவது முதலாளியின் கடமை என்று சட்டம் விதித்தது. வயதை உயர்த்துவதோடு நில்லாமல், அந்த வயதுக்கு ஏற்ற வேலையையும் தேடித் தருவதே முறையென நாம் கருதுகிறோம்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்கள் சில காரியங்களில் விழிப்பாய் இருத்தல் அவசியம்.

முதலாவது, பிறந்த தேதி. பள்ளிச் சான்றிதழிலும், ஆதாரிலும், பணிப் பதிவேட்டிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று இளமையிலேயே பார்த்துத் திருத்திக்கொள்க. ஓய்வு நெருங்குகையில் திருத்தம் கோருவோரை நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஆதரிப்பதில்லை.

இரண்டாவது, வைப்புநிதி. அதன் ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டுச் சேவை வேண்டும். தொழிற்சாலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுவோர், அந்தச் சேவைக் கணக்கையும் இழக்கின்றனர். பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்வதே விவேகம். அவ்வோய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014இல் மாதம் 1,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. அதை மட்டும் நம்பி அடுப்பெரியாது; சிறு சேமிப்பும் உடன் வேண்டும்.

மூன்றாவது, முதியோர் உதவித்தொகை. ஆந்திர அரசு 2024 ஜூலை முதல் 60 வயது நிறைந்த ஏழை முதியோருக்கு மாதம் 4,000 ரூபாயாக அதை உயர்த்தியது. தகுதி இருந்தும், இவ்வூர் முகவரிக்குரிய ரேஷன் அட்டை முதலிய பத்திரங்கள் இன்றி நம்மவர் அதை இழந்துவிடலாகாது.

தெலுங்கில் மனு எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் அண்டை வீட்டுத் தாத்தாவின் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுத்தால், அதுவே சங்கத்தின் பெயரால் நடைபெறும் சிறந்த தொண்டாகும்.