மூன்று பேர், ஒரு நிரூபணம்: கணக்குப் போடுவது தனி ஆள் வேலையா, டீம் வேலையா?

ஐஐடி டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் காலு சராய் பகுதியில் நடந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கோச்சிங் சென்டர் போர்டு ஒவ்வொன்றிலும் ஒரு முகம், பக்கத்தில் ஒரு ரேங்க். கணக்கு என்றால் தனியாக உட்கார்ந்து, தனியாகப் போட்டு, தனியாக ஜெயிப்பது என்றுதான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். ஹாலில் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தால் பேப்பரைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஆனால் இந்த நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த மிகப் பிரபலமான இயற்கணித நிரூபணங்களில் ஒன்று, ஒரு பேராசிரியரும் அப்போதுதான் பி.டெக். முடித்த இரண்டு மாணவர்களும் சேர்ந்து போட்டது. டெல்லியிலிருந்து சுமார் 440 கி.மீ. தள்ளி, ஐஐடி கான்பூரில், 2002ஆம் ஆண்டு. அதன் பெயர் ஏகேஎஸ். அகர்வால், கயல், சக்சேனா என்ற மூன்று பெயர்களின் முதல் எழுத்துகள்.

அந்த நிரூபணம் என்ன சொல்கிறது, அதில் ‘சேர்ந்து வேலை செய்வது’ எங்கே வந்தது, நம்ம ஆபீஸ் டீம்களுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி என்ன?

ஒரு எண்ணைக் கொடுத்தால் அது பகா எண்ணா இல்லையா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

7 என்றால் சட்டென்று சொல்லிவிடலாம். 300 இலக்க எண் என்றால்? இது சும்மா ஒரு விளையாட்டுக் கேள்வி இல்லை. இணையப் பாதுகாப்பில் பல காலமாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ முறைக்கு இவ்வளவு பெரிய பகா எண்கள் தேவை. பள்ளியில் படித்தபடி 2, 3, 5 என்று வகுத்துக்கொண்டே போனால், வர்க்கமூலம் வரைக்கும் போக வேண்டும். 300 இலக்க எண்ணின் வர்க்கமூலமே 150 இலக்கம். பிரபஞ்சத்தின் வயது முழுக்க கம்ப்யூட்டரை ஓடவிட்டாலும் முடியாது.

வேகமான சோதனைகள் ஏற்கெனவே இருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு ‘ஆனால்’ இருந்தது. உதாரணமாக, ஃபெர்மாவின் பழைய சோதனையை 561 ஏமாற்றிவிடும். 561 என்பது 3 × 11 × 17. பகா எண்ணே இல்லை. இருந்தும் அந்தச் சோதனையில் எந்த எண்ணை வைத்துப் பார்த்தாலும் பாஸ் ஆகிவிடும். மில்லர்–ராபின் சோதனை இதைவிட ரொம்ப நல்லது. ஆனால் அது தரும் பதில் ‘ஏறக்குறைய நிச்சயம்’ என்ற அளவில்தான். வேறு சில முறைகள், இன்னும் நிரூபிக்கப்படாத கருத்துகளை நம்பி நின்றன.

வேகமாகவும் இருக்க வேண்டும், குலுக்கல் இல்லாமல் 100% உறுதியாகவும் இருக்க வேண்டும், எதையும் ‘வைத்துக்கொள்வோம்’ என்று சொல்லக்கூடாது. மூன்றும் ஒன்றாகக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

பாஸ்கல் முக்கோணம் இங்கே எங்கே வருகிறது?

பதினொன்றாம் வகுப்பில் படித்த ஈருறுப்புத் தேற்றத்தைக் கொஞ்சம் தூசு தட்டுங்கள். 5-க்கான வரிசை: 1, 5, 10, 10, 5, 1. ஓரத்து 1-களை விட்டுவிட்டால், நடுவில் இருக்கும் எல்லாமே 5-ஆல் வகுபடும்.

இப்போது 6-க்கான வரிசை: 1, 6, 15, 20, 15, 6, 1. இங்கே 15-உம் 20-உம் 6-ஆல் வகுபடாது.

இது தற்செயல் இல்லை. ஒரு எண் பகா எண்ணாக இருந்தால் மட்டுமே, அதன் வரிசையில் நடுவில் உள்ள எல்லாம் அந்த எண்ணால் வகுபடும். ஒரு பக்கத்துக்குக் காரணம் எளிது. இந்தக் குணகங்கள் பின்னமாக எழுதப்படுபவை. பகா எண் மேலே தொகுதியில் நிற்கும். கீழே பகுதியில் இருப்பவை எல்லாம் அதைவிடச் சின்ன எண்கள். சின்ன எண்களின் பெருக்கல் ஒரு பகா எண்ணை வெட்டிவிட முடியாது. அதனால் அது மேலேயே தங்கிவிடும். மறுபக்கத்தை (பகு எண் என்றால் நடுவில் ஏதாவது ஒன்றாவது இடறும்) நீங்களே முயன்று பாருங்கள். 4, 6, 9 மூன்றின் வரிசையையும் எழுதினால் வழி தெரியும்.

இதோ 100% உறுதியான சோதனை கிடைத்துவிட்டதே? கிடைத்தது, ஆனால் பயன் இல்லை. 300 இலக்க எண்ணுக்கு அந்த வரிசையை எழுதவே முடியாது. அத்தனை உறுப்புகள் அதில் இருக்கும்.

அப்புறம் எப்படிச் சமாளித்தார்கள்?

சீட்டுக்கட்டு பிரிப்பது போல யோசியுங்கள். வரிசையில் உள்ள எண்களை மூன்று பேருக்குச் சுற்றிச் சுற்றிப் போடுகிறோம். ஒவ்வொருவரும் தன் கையில் வந்ததைக் கூட்டிக்கொள்கிறார்.

5-இன் வரிசையைப் பிரித்தால், முதல் ஆளுக்கு 1 + 10 = 11, இரண்டாம் ஆளுக்கு 5 + 5 = 10, மூன்றாம் ஆளுக்கு 10 + 1 = 11. இவற்றை 5-ஆல் வகுத்தால் மீதி 1, 0, 1. ஓரத்து 1-கள் மட்டும் மிஞ்சியிருந்தால் என்ன வருமோ, அதுவேதான் வந்திருக்கிறது.

6-இன் வரிசையைப் பிரித்தால் 22, 21, 21. 6-ஆல் வகுத்தால் மீதி 4, 3, 3. ஓரத்து 1-கள் இரண்டும் முதல் ஆளிடம் போவதால், 6 பகா எண்ணாக இருந்திருந்தால் 2, 0, 0 வந்திருக்க வேண்டும். மாட்டிக்கொண்டது.

இப்படி மடித்துவிட்டால், எத்தனை பெரிய வரிசையாக இருந்தாலும் கையில் வைத்திருக்க வேண்டியது சில எண்களை மட்டும்தான். முழு வரிசையையும் முதலில் எழுத வேண்டும் என்பதும் இல்லை. பெருக்கும்போதே மடித்துக்கொண்டு போகலாம்.

ஆனால் இங்கேதான் சிக்கல். மடிக்கும்போது தகவல் தொலைகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் போட்டுவிட்டதால், ஏதாவது ஒரு பகு எண் தப்பித்துவிடலாம். எத்தனை பேருக்குப் பிரித்தால், எத்தனை முறை எண்ணை மாற்றிச் சோதித்தால், ஒன்றுகூடத் தப்பாது? அதை நிரூபிப்பதுதான் உண்மையான வேலை.

1,000 கோடி உதாரணம் போதாதா?

டேட்டா வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

1999இல் மணீந்திர அகர்வாலும் அவருடைய சக பேராசிரியர் சோம்நாத் பிஸ்வாஸும் இந்த இயற்கணிதச் சமன்பாட்டை வைத்து ஒரு சோதனையைக் கொடுத்தார்கள். அதில் குலுக்கல் இருந்தது. 2001இல் ரஜத் பட்டாச்சார்ஜி, பிரசாந்த் பாண்டே என்ற இரண்டு பி.டெக். மாணவர்கள், மேலே சொன்ன மடிப்பு முறையை ப்ராஜெக்ட்டாக எடுத்து ஆராய்ந்து, ஒரு ஊகத்தை முன்வைத்தார்கள். அது உண்மையானால் ஒரே ஒரு மடிப்பு போதும், சோதனை மின்னல் வேகத்தில் முடியும்.

அடுத்த ஆண்டு அதே தலைப்பை நீரஜ் கயலும் நிதின் சக்சேனாவும் கையில் எடுத்தார்கள். இருவரும் 1997 சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் இந்திய அணியில் இருந்தவர்கள். அந்த ஊகத்தை 1,000 கோடி வரையுள்ள எண்களுக்குச் சரிபார்த்தார்கள். ஒரு தவறுகூட இல்லை.

நம்ம வேலையாக இருந்தால் இந்த இடத்தில் ஸ்லைடு போட்டு பிரசென்ட் பண்ணியிருப்போம். கணிதத்தில் அது செல்லாது. பின்னர் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ராவும் கார்ல் பொமரான்ஸும், அந்த ஊகம் பொய்யாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காரணங்களோடு காட்டினார்கள். 1,000 கோடியைத் தாண்டி எங்கோ வெகு தூரத்தில் ஒரு எண் காத்திருக்கலாம்.

அகர்வால், கயல், சக்சேனா மூவரும் வேறு வழியில் போனார்கள். ஒரே மடிப்பை நம்பாமல், பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு எண் பாஸ் ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து உருவாகும் பல்லுறுப்புக் கோவைகளின் கூட்டம் ஒன்றை இரண்டு விதமாக எண்ணினார்கள். ஒரு கணக்குப்படி அந்தக் கூட்டம் மிகப் பெரியது. எண் பகா எண் இல்லையென்றால், இன்னொரு கணக்குப்படி அது அவ்வளவு பெரிதாக இருக்கவே முடியாது. இரண்டும் மோதுகின்றன. ஆகவே அந்த எண் பகா எண்ணாகத்தான் இருக்க வேண்டும். 2, 3 போன்ற ஒரு பகா எண்ணின் அடுக்காக இருக்கும் வாய்ப்பு மட்டும் மிஞ்சும். அதை முதலிலேயே தனியாகச் சோதித்து விலக்கிவிடலாம்.

2002 ஆகஸ்ட் 6 தேதியிட்டு அந்தக் கட்டுரை வெளியானது. சில நாட்களிலேயே உலகின் பெரிய வல்லுநர்கள் படித்து, சரி என்று சொல்லிவிட்டார்கள். ‘அனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் 2004இல் அச்சானபோது அது வெறும் 13 பக்கம். 2006இல் கோடல் பரிசும் ஃபல்கர்சன் பரிசும் மூவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன.

மூன்று பேரோடு கதை முடிந்துவிட்டதா?

இல்லை. முதல் வடிவத்தில், எத்தனை பேருக்குச் சீட்டைப் பிரிப்பது என்பதை முடிவு செய்ய, எண்ணியலின் ஆழமான ஒரு தேற்றத்தை நம்ப வேண்டியிருந்தது. லென்ஸ்ட்ரா சொன்ன ஒரு யோசனையால் அந்தத் தேவை போய்விட்டது. இன்று நல்ல இளங்கலை மாணவர் ஒருவரே முழு நிரூபணத்தையும் படித்துவிடலாம்.

வேகமும் கூடியது. முதல் வடிவத்தில் எண்ணின் இலக்கங்கள் இரண்டு மடங்கானால், நேரம் சுமார் 4,096 மடங்கு வரை ஆகலாம். லென்ஸ்ட்ரா–பொமரான்ஸ் வடிவத்தில் அது சுமார் 64 மடங்கு.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும்: நடைமுறையில் மென்பொருள்கள் இன்றும் மில்லர்–ராபின் வகைச் சோதனைகளையே பயன்படுத்துகின்றன, ஏனெனில் அவை இன்னும் வேகமானவை. ‘முடியுமா’ என்ற கேள்விக்கு ‘முடியும்’ என்று சந்தேகமில்லாமல் பதில் சொன்னதுதான் ஏகேஎஸ்-இன் பெருமை.

தமிழ்நாட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1770இல் வாரிங் என்ற ஆங்கிலேயர், எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 19 நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்றார். 79-க்கு 19-உம் தேவை: நான்கு 16, பதினைந்து 1. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்பிரமணியன், பிரான்சின் தெஷூயெ, த்ரெஸ் ஆகிய இருவரோடு சேர்ந்து 1986இல் இதை முடித்துவைத்தார். இதே கேள்வியில் ஆறாம் அடுக்குக்கு 73 என்று 1940இல் கண்டவர் எஸ்.எஸ். பிள்ளை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பிள்ளையும், டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி உட்படப் பல இடங்களில் பாடம் நடத்திய சர்வதமன் சௌலாவும் 1930களில் சேர்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். ஜூம் கால் இல்லாத காலம், தபால்தான்.

யாருக்கு கிரெடிட்?

நம்ம ஆபீஸில் பெரிய சண்டையே இதில்தான் வரும். கணிதத்தில் பொதுவான வழக்கம் எளிது: பெயர்கள் அகர வரிசையில் வரும். ‘முதல் ஆசிரியர்’ என்று ஒருவர் கிடையாது. ஏகேஎஸ்-இலும் அப்படித்தான். பேராசிரியரின் பெயர் முதலில் இருப்பது அவர் பேராசிரியர் என்பதற்காக இல்லை.

ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் தங்களுக்குள் நான்கு விதிகள் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். ஒருவர் எழுதி அனுப்புவது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. வந்த கடிதத்துக்குப் பதில் போட வேண்டும், ஏன் படிக்கவே வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. ஒரே நுணுக்கத்தை இருவரும் ஒரே நேரத்தில் யோசிக்காமல் இருப்பது நல்லது. ஒரு கட்டுரையில் ஒருவருடைய பங்கு துளிகூட இல்லையென்றாலும் இருவர் பெயரும் இருக்கும்.

நான்காவது விதி நமக்கு அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் அதுதான் முதல் விதியைச் சாத்தியமாக்குகிறது. யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்காத இடத்தில்தான், தப்பான யோசனையைத் தைரியமாக வெளியே சொல்ல முடியும்.

நாங்களும் முயன்று பார்க்கலாமா?

தாராளமாக. இரண்டு, மூன்று நண்பர்கள் போதும். முதல் அரை மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் தனியாக யோசியுங்கள். உடனே பேச ஆரம்பித்தால் சத்தமாகப் பேசுகிறவரின் வழியிலேயே எல்லாரும் போய்விடுவார்கள். பிறகு ஒருவர் பலகையில் சொல்ல, இன்னொருவர் ‘ஏன்?’ என்று மட்டும் கேட்கட்டும். கடைசியில் குறைவாகப் பேசியவர் நிரூபணத்தை எழுதட்டும். அவரால் எழுத முடியவில்லை என்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது.

முதல் கணக்கு மேலேயே இருக்கிறது: பகு எண்ணின் வரிசையில் நடுவில் ஒன்றாவது ஏன் இடற வேண்டும்? 4-க்கு 6, 6-க்கு 15, 9-க்கு 84. இந்த மூன்றும் வரிசையில் எந்தெந்த இடத்தில் நிற்கின்றன என்று பாருங்கள்.