வன்தட்டின் காவலும் கணினியின் விரைவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த மேரிலாந்து மாகாணத்திலே, 2006-ஆம் ஆண்டு மே மாதத்தில், முன்னாட் படைவீரர் நலத்துறையிற் பணியாற்றிய ஓர் அலுவலரின் இல்லத்திற் கள்வர் புகுந்து, மடிக்கணினி ஒன்றையும் அதனோடு இணைக்கும் வன்தட்டு ஒன்றையும் கவர்ந்து சென்றனர். பொருளின் விலையை நோக்கின் இஃதொரு சிறு களவே. ஆயின் 2 கோடியே 65 லட்சம் பேருடைய பெயரும் பிறந்த நாளும் சமூகக் காப்பு எண்ணும் அவற்றிலே எவரும் படிக்கத்தக்க வண்ணம் கிடந்தன. அடுத்த மாத இறுதியிற் பொருள்கள் மீண்டு கிடைத்தும் வழக்கு ஓயவில்லை. 2009-ஆம் ஆண்டில் அரசாங்கம் 2 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள இசைந்தது. அத்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருப்பின், கள்வர் கையிற் சிக்கியது வெறும் இரும்பும் கண்ணாடியுமேயாம்.

கணினியைத் திறக்கும்போது கடவுச்சொல் கேட்கின்றதே, அஃதே போதிய காவலன்றோ எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறு. அச்சொல் வாயிற்காவலனை ஒப்பது. தட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பொருத்துவோன் அவ்வாயில் வழியே வருவானல்லன். குறியாக்கமோ தட்டில் எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தையும் பொருள் விளங்கா வண்ணம் மாற்றியே எழுதுவது. படிக்கும்போது மீண்டும் உருமாற்றித் தருவது. இவ்விரு வேலையையும் கணினி ஓயாது செய்தல் வேண்டும். இதனாலன்றோ, குறியாக்கம் செய்தாற் கணினி ஆமை நடை நடக்கும் என்னும் அச்சம் எழுந்தது. அவ்வச்சத்தில் உண்மை எத்துணை, பழங்கதை எத்துணை என்பதை ஆராய்வோம்.

இக்காலத்துக் குறியாக்க முறைகளுள் தலைமை பெற்றது ஏ.இ.எஸ். என்பது. பெல்ஜியம் நாட்டு அறிஞராகிய ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்னும் இருவர் இதனை வகுத்தனர். அமெரிக்க அரசாங்கம் 2001-ஆம் ஆண்டில் இதனைப் பொதுமுறையாக ஏற்றது. இம்முறை 16 பைட்டுகளை ஒரு கட்டாக எடுத்து, திறவுகோலின் நீளத்துக்கேற்ப 10 அல்லது 12 அல்லது 14 முறை கலக்கிப் புரட்டும். 256 பிட் நீளமுள்ள திறவுகோல்களின் தொகை 78 இலக்கங்கொண்ட எண்ணாகும். ஒவ்வொன்றாய் முயன்று பார்த்தல் எவர்க்கும் இயலாது. ஒரே செய்தி தட்டின் இரண்டிடங்களில் இருப்பின் இரண்டும் ஒரே மறையுருப் பெற்றுத் தம்மைக் காட்டிக்கொடுத்தல் கூடாதன்றோ? அதற்காக, எழுதப்படும் இடத்தின் எண்ணையும் கலவையிற் சேர்க்கும் எக்ஸ்.டி.எஸ். என்னும் முறை 2007-இல் வகுக்கப்பட்டது.

தொடக்கத்தில் இக்கணக்கையெல்லாம் செயலி தன் பொதுக் கட்டளைகளைக் கொண்டே செய்தது. அக்காலத்தில் வேகக்குறைவு மெய்யே. 2010-ஆம் ஆண்டு முதல் இன்டெல் நிறுவனத்தார் இதற்கென்றே தனிக் கட்டளைகளைச் செயலியினுள் அமைத்தனர். அதன்பின் நொடிக்கு ஆயிரக்கணக்கான மெகாபைட்டுகளைக் குறியாக்குதல் எளிதாயிற்று. சுழலும் பழைய வன்தட்டோ நொடிக்கு ஏறத்தாழ 150 மெகாபைட்டே தரவல்லது. ஆதலின் அத்தகைய கணினியிற் செயலி தட்டுக்காகக் காத்திருக்குமேயன்றித் தட்டு செயலிக்காகக் காத்திராது. நொடிக்கு 7,000 மெகாபைட் படிக்கும் புதுவகைத் தட்டுகள் வந்தபின் இவ்விடைவெளி மீண்டும் சுருங்கியுள்ளது என்பதையும் மறைத்தலாகாது.

வேகக்குறைவு எப்போதும் கணக்கின் பாரத்தால் வருவதுமன்று. 2020-ஆம் ஆண்டிலே கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துப் பொறியாளர் இக்னாட் கோர்ச்சகின் என்பார், லினக்ஸ் கணினிகளிற் குறியாக்கம் ஏன் தாமதிக்கின்றதென்று துருவி ஆராய்ந்தார். குற்றம் ஏ.இ.எஸ். மேலதன்று, ஒவ்வொரு வேண்டுகோளையும் வரிசை பின் வரிசையாக நிறுத்திவைத்த ஏற்பாட்டின் மேலது. சுழலும் தட்டுக்கு நலம் செய்த அவ்வேற்பாடு, சுழலாத தட்டுக்கு வீண் சுமையாய் நின்றது. அவ்வரிசைகளைத் தவிர்க்கும் விருப்பம் அவ்வாண்டே லினக்ஸ் 5.9 பதிப்பிற் சேர்க்கப்பட்டது. பழியை யார்மேற் சுமத்துவதென்று முதலில் அளந்து பார்க்கவேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் வறியவர் கைப்பேசியின் நிலை வேறு. 2014-ஆம் ஆண்டு வெளிவந்த நெக்ஸஸ் 6 என்னும் கைப்பேசி, குறியாக்கத்தோடே விற்கப்பட்டு, அதனால் வேகமிழந்ததெனப் பெயரெடுத்தது. மறு ஆண்டு ஆண்ட்ராய்டு 6.0 வந்தபோது, ஏ.இ.எஸ். கணக்கை நொடிக்கு 50 மெகாபைட் அளவிலேனும் செய்யமாட்டாத கருவிகளுக்குக் குறியாக்கம் கட்டாயமில்லை என விதித்தனர். விளைவு யாதெனில், விலை மிக்க கைப்பேசியுடையோர்க்குக் காவல். மலிந்த கைப்பேசியுடையோர்க்கு இல்லை. தொலைந்த கைப்பேசியால் வரும் இடர் இருவர்க்கும் ஒன்றே; ஏழைக்குச் சற்று மிகுதியும்கூட. இக்குறையைத் தீர்க்க, கூகுள் நிறுவனத்தைச் சார்ந்த பால் குரௌலி, எரிக் பிக்கர்ஸ் என்னும் இருவர் அடியாண்டம் என்னும் புதுமுறையை வகுத்தனர். தனிக் கட்டளையில்லாத எளிய செயலியும் விரைந்து செய்யத்தக்க கூட்டல், சுழற்றல் முதலியவற்றையே அது பெரிதும் நம்புவது. கார்ட்டெக்ஸ் ஏ7 என்னும் சிறு செயலியில் அது ஏ.இ.எஸ். முறையினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவுடையதாயிற்று. 2019-ஆம் ஆண்டில் ஆண்ட்ராய்டு 10 வெளிவந்தபோது, அதனோடு வரும் புதுக் கருவிகள் அனைத்துக்கும் குறியாக்கம் கட்டாயமாயிற்று.

தாமதமே அரணாகும் இடமும் ஒன்றுண்டு. நாம் இடும் கடவுச்சொல் தட்டை நேரே பூட்டுவதன்று; தட்டின் திறவுகோல் வைத்த சிறு பேழையையே அது திறக்கும். அச்சொல்லைப் பேழைக்குரிய சாவியாக மாற்றுங்கால், வெராகிரிப்ட் என்னும் மென்பொருள் ஒரே கணக்கை 5 லட்சம் முறை திரும்பத் திரும்பச் செய்யுமாறு அமைக்கப்பட்டது. உடையவன் நாளுக்கொருமுறை சிறிது காத்திருப்பான்; கள்வனோ தான் ஊகிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவ்வளவு காத்திருத்தல் வேண்டும். இவ்விடத்தில் விரைவை விரும்புதல் அறிவுடைமையன்று. அம்மென்பொருளிலேயே மூன்று குறியாக்க முறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வசதியும் உண்டு. அதனால் வேகம் குன்றுவது உறுதி, பயனோ நம்மனோர்க்குச் சிறிது. சாளரத்தைத் திறந்துவைத்துக் கதவுக்கு மூன்று பூட்டிடுதல் போன்றது அது.

பாரத்தைத் தட்டின் மேலேயே ஏற்றிவிடலாமே என்பாரும் உளர். தன்னைத் தானே குறியாக்கிக்கொள்ளும் தட்டுகள் உண்மையில் உள்ளன. அவற்றால் வேகம் குறையாது. ஆயின் 2018-இல் நெதர்லாந்து நாட்டு ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, அவற்றுட் சில, கடவுச்சொல் இல்லாமலே திறக்கப்படக்கூடியனவாய் இருந்தமை வெளிப்பட்டது. மறு ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் தம் பிட்லாக்கர் மென்பொருள் தட்டின் வாக்கை நம்பாது தானே குறியாக்குமாறு மாற்றியமைத்தனர்.

இனி, மாணவ நண்பர்கள் செய்யத்தக்கது யாது? 2010-க்குப் பின் வந்த செயலிகளுட் பெரும்பாலானவற்றில் ஏ.இ.எஸ். தனிக் கட்டளைகள் உண்டு; உங்கள் செயலியில் உளதாவென ஒருமுறை பார்த்துக்கொள்க. இருப்பின் முழுத் தட்டையும் ஐயமின்றிக் குறியாக்கலாம். கணினி விழித்திருக்கும் வரை திறவுகோல் அதன் நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் நின்றபின்னும் சிறிது நேரம் அது அங்கே தங்கும் என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2008-இல் மெய்ப்பித்தனர். ஆதலின் இரயிலிற் செல்லும்போது கணினியை உறங்கவைத்தல் போதாது, முற்றும் நிறுத்திவிடுக. கடவுச்சொல் மறந்தாற் கள்வனுக்கு நேரும் கதியே உடையவனுக்கும் நேரும். அதற்கெனப் பிட்லாக்கர் தரும் மீட்புச்சாவி 48 இலக்கங்கொண்டது. அதனைத் தாளில் எழுதி வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்க. மடிக்கணினிப் பையில் வைக்கவேண்டா.