எதைச் சோதிக்கவில்லை?

வங்கதேசக் கிராமங்களில் அடிபம்பின் மூக்கில் சிவப்புச் சாயம் பூசியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. பச்சை என்றால் குடிக்கலாம். 2000-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் ஏறக்குறைய 50 லட்சம் பம்புகளைச் சோதித்தபோது, சுமார் 14 லட்சம் பம்புகளுக்குச் சிவப்பு விழுந்தது. உயிரைக் காக்க இறக்கிய பம்புகள் இவை என்பதுதான் நெஞ்சைப் பிசைகிறது.

குளத்து நீரைக் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மடிந்துகொண்டிருந்த காலத்தில், 1970-களில், யுனிசெஃப் உதவியோடு அரசு ஊர் ஊராகக் குழாய்க்கிணறு போட்டது. நோக்கத்தில் குறையில்லை. மக்களும் சொந்தக் காசைப் போட்டு வீட்டுக்கு வீடு பம்பு இறக்கினார்கள். ஆனால் நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 1993-ல் அது அங்கே கண்டறியப்பட்டது. அப்படியிருந்தும் 1997-ல், 80 விழுக்காட்டினருக்குப் பாதுகாப்பான குடிநீர் என்ற இலக்கைத் தாண்டிவிட்டதாக யுனிசெஃப் அறிவித்தது. எண்ணிப் பார்த்தது பம்பு கிடைத்தவர்களை. அவர்கள் உடம்பில் என்ன இறங்கியது என்பதை அல்ல. வெளிநாட்டு நிதியில் நடக்கும் எந்தச் சுகாதாரத் திட்டத்தின் மதிப்பீட்டிலும் நாம் முதலில் தேட வேண்டிய ஓட்டை இதுதான்.

ஆர்செனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். பல ஆண்டுகள் குடித்த பிறகு மார்பில் மழைத்துளி தெறித்தது போலப் புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் பாதமும் மருமருவாகத் தடித்துச் சொரசொரக்கும். தொழுநோய் என்று அஞ்சி ஊரார் ஒதுங்குவார்கள், பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வருவதும் உண்டு.

பிரிட்டன் அரசின் உதவி நிதியில் 1992-ல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் அங்கே சுமார் 150 கிணறுகளின் நீரைப் பரிசோதித்தது. பல தனிமங்களைத் தேடியது, ஆர்செனிக்கைத் தேடவில்லை. பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் லண்டனில் வழக்குத் தொடுத்தார். அந்தக் கிராமத்து மக்களிடம் ஆய்வகத்துக்குச் சட்டக் கடமை எதுவும் இல்லை என்று 2006-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. முழு விசாரணைகூட நடக்கவில்லை. என்னால் இந்தத் தீர்ப்பை இன்றும் ஏற்க முடியவில்லை. ஆனால் கேடு வந்த பிறகு நிதி கொடுத்த நாட்டின் நீதிமன்றத்தை நம்பியிருக்க முடியாது என்பதை அது தெளிவாக்கிவிட்டது.

ஆகவே திட்டம் நடக்கும்போதே கேட்க வேண்டும். உலக வங்கிக் கடனில் நடப்பது என்றால், 1993-ல் அமைந்த ஆய்வுக் குழு என்னும் முறையீட்டு அமைப்பு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், வக்கீல் தேவையில்லை. தங்கள் மொழியிலேயே எழுதலாம், பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லலாம். முதலில் வங்கி அதிகாரிகளிடம் முறையிட்டுப் பார்த்திருக்க வேண்டும். திட்டம் முடிந்த 15 மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். இழப்பீடு வாங்கித் தரும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு இல்லை. வங்கி தன் விதிகளையே மீறியதா என்று பார்த்து, வங்கியின் இயக்குநர் குழுவுக்கு அறிக்கை தர மட்டுமே முடியும். தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையும் 2005-லிருந்து உலக வங்கிக் கடன் வாங்கியிருப்பதால் நமக்கும் இது அந்நியமான செய்தி அல்ல.

திட்ட அறிக்கைகள் பலவற்றை வங்கி தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அரசுக் கோப்புகளுக்கு வங்கதேசத்தில் 2009-ன் தகவல் உரிமைச் சட்டமும், இங்கே 2005-ன் சட்டமும் உண்டு. தகவல் உரிமை மனுவில் 'தண்ணீர் நல்லதா?' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். எந்தெந்த நச்சைச் சோதித்தீர்கள், எந்த ஆய்வகத்தில், எந்தத் தேதியில், மறுபடி எப்போது, முடிவை ஊராருக்குச் சொன்னீர்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பம்பு யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்றும் கேளுங்கள். புதிய அரசுக் கிணறுகளில் பாதியை எங்கே போடுவது என்பதில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கை இருந்ததையும், தேவையுள்ள குடும்பங்களை விட்டு வேண்டப்பட்டவர் வீடுகளுக்கு அவை போனதையும் 2016-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளிக்கொண்டு வந்தது. அப்போதும் சுமார் 2 கோடிப் பேர் ஆர்செனிக் கலந்த நீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். பம்புகளில் பூசிய சாயம் சில ஆண்டுகளிலேயே மங்கிப்போயிருந்தது.