எழில் ஏன் பிந்துகிறது?

ஒரே கணக்கைக் கணிப்பொறிக்குப் பல மொழிகளில் எழுதித் தரலாம். விடை மாறாது. விடை வந்து சேரும் நேரம் மட்டும் மாறும். அஃது ஏன் என்று காண்போமா?

1 லட்சத்திற்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன? 9,592. இதைக் கண்டுபிடிக்கும் நிரல் பத்துப் பன்னிரண்டு வரிகளில் அடங்கிவிடும். ஒவ்வோர் எண்ணையும் 2, 3, 4 என்று அதற்கு முந்தைய எண் வரை வகுத்துப் பார்த்தல். மீதியின்றி வகுபட்டால் அங்கேயே நிறுத்துதல். இவ்வளவே!

இந்நிரலை முதலில் ‘எழில்’ மொழியில் எழுதுவோம். எழில், முத்து அண்ணாமலை அவர்கள் உருவாக்கிய தமிழ் நிரல்மொழி. 2009-இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். அச்சிட ‘பதிப்பி’, ஒரு பகுதியின் இறுதிக்கு ‘முடி’ என எல்லாம் நம் சொற்களே. ஆங்கிலத்தைக் கண்டு தயங்கும் தங்கையரும் துணிந்து தொடங்கலாம். அதே நிரலைப் பைத்தானிலும், பிறகு சி மொழியிலும் மாற்றி எழுதினாலோ, சி முந்தும், பைத்தான் பின்தொடரும், எழில் வெகுதொலைவில் நிற்கும்.

“தமிழ் அல்லவா, அதனால்தான்!” என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. அது தவறு. நம் கணபதியில் ஒரு லேத் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். வேலைக் குறிப்பு, தொழிலாளிக்குத் தெரியாத மொழியில் வருகிறது. காலையிலேயே முழுவதையும் மொழிபெயர்த்துக் கையில் கொடுத்துவிட்டால் அவர் பாட்டுக்கு ஓட்டுவார். சி மொழி அப்படிப்பட்டது. பக்கத்தில் ஒரு துபாஷி நின்று ஒவ்வொரு வெட்டுக்கும் வாயால் சொல்வது பைத்தான். ஒரே வெட்டு ஆயிரம் முறை வந்தாலும் ஆயிரம் முறையும் சொல்வார்! எழிலுக்கோ துபாஷிகள் இருவர். எழிலின் துபாஷியே பைத்தானில் எழுதப்பட்டதாயிற்றே! நேரே இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி ஒன்று அமைந்தால் இத்தாமதத்தின் பெரும்பகுதி நீங்கும். சொற்கள் தமிழாகவே இருக்கும்.

இனி வேலையையே குறைத்துப் பார்ப்போம். ஓர் எண் பகா எண் என்று உறுதிசெய்ய, ஏறத்தாழ அவ்வெண்ணின் அளவுக்கே வகுத்தோம். 1 லட்சத்திற்குள் உள்ள பகா எண்களின் கூட்டுத்தொகை 45,43,96,537. ஆக, அவற்றுக்கு மட்டும் 45 கோடி வகுத்தல்கள்! ஆனால் வர்க்கமூலம் வரை வகுத்தாலே போதும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். 1 லட்சத்தின் வர்க்கமூலம் 316 சொச்சம். எனவே அந்த 45 கோடி, 31 லட்சத்தைத் தாண்டாது.

இந்த ஒரு வரியை மாற்றிய பைத்தான் நிரல், பழைய வழியில் எழுதிய சி நிரலை முந்திவிடும். புதிய கணிப்பொறி வாங்க வேண்டியதில்லை. மொழியை மாற்றவும் வேண்டியதில்லை.

எழிலில் முயலும் தங்கையர் 1 லட்சத்தில் தொடங்காமல் 1,000-த்தில் தொடங்குங்கள். விடை 168 வரவேண்டும்.