எண்ணெய் குடிக்காத படகுகள்

நார்வே தேசத்தின் மேற்குக் கரையைப் படத்தில் பார்த்தால் செல்லரித்த ஓலையின் விளிம்பு போல் இருக்கும். மலைகளுக்கு நடுவே கடல் நீண்ட நீண்ட கால்களாகப் புகுந்து கிடக்கிறது. அவற்றில் மிகப் பெரியது ஸோக்னே. நீளம் 200 கிலோ மீட்டருக்கு மேல். ஆழம் சில இடங்களில் 1,300 மீட்டர். இந்த ஆழத்தில் தூண் நாட்டிப் பாலம் கட்டுவது எங்கே? ஆகவே, வடக்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை ஒப்பெடால் என்ற துறையில் தண்ணீரோடு முடிந்துவிடுகிறது. கார்களும் லாரிகளும் அங்கே வரிசையில் நின்று படகில் ஏறுகின்றன. எதிர்க் கரையில் லாவிக் என்ற சிற்றூரில் இறங்கி மறுபடி சாலையைப் பிடிக்கின்றன.

தூரம் 5.7 கிலோ மீட்டர். இருபது நிமிஷப் பிரயாணம். பார்வைக்குச் சாதாரணமான இந்தத் துறையில்தான் 2015-ம் வருஷம் கப்பல் கட்டுகிறவர்களை எல்லாம் வியக்கவைத்த ஒரு காரியம் நடந்தது. அங்கே ஓடத் தொடங்கிய 'ஆம்ப்பியர்' என்ற படகு 80 மீட்டர் நீளம். 120 கார்களையும் 360 பிரயாணிகளையும் ஒரே நடையில் ஏற்றும். ஆனால், அதன் வயிற்றில் டீஸல் யந்திரத்தின் இரைச்சல் கிடையாது. லித்தியம் பாட்டரிகள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றின் மின்சாரமே இரண்டு மோட்டார்களைச் சுழற்றிப் படகை நகர்த்தியது. கார் ஏற்றும் பெரும் படகு ஒன்று பாட்டரியை மட்டுமே நம்பித் தினசரிச் சேவையில் இறங்கியது உலகிலேயே அதுதான் முதல் தடவை. அதே துறையில் டீஸல் படகை ஓட்டினால் வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம் லிட்டர் எண்ணெய் செலவாகும்!

பாட்டரியால் படகு ஓட்டலாம் என்பது புதிய யோசனை அல்ல. ரயில் வண்டியே கைக்குழந்தையாக இருந்த 1838-ல், யாக்கோபி என்ற விஞ்ஞானி ருஷ்யாவின் நேவா நதியில் மின்சாரப் படகை ஓட்டிக் காட்டினார். ஜார் சக்கரவர்த்தி பணம் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு பேரோடு படகு நகர்ந்தது என்னவோ உண்மை. கரையில் நடந்து வந்தவர்கள் அதைச் சுலபமாக முந்தியிருக்கலாம். 1881-ல் த்ரூவே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் ஸேன் நதியில் ஒரு சிறு படகின் பின்புறம் மின்சார மோட்டாரை மாட்டி ஓட்டினார். அப்புறம் லண்டனில் தேம்ஸ் நதியில் கனவான்கள் உல்லாசமாகப் போக மின்சாரப் படகுகள் வந்தன. எல்லாம் கொஞ்ச காலந்தான். பெட்ரோலும் டீஸலும் வந்ததும் அவை மூலையில் ஒதுங்கின. நீர்மூழ்கிக் கப்பல்கள்தான் வேறு வழியில்லாமல் ஈயப் பாட்டரியைக் கட்டிக்கொண்டு அழுதன.

எடைதான் காரணம். ஒரு கிலோ டீஸலில் ஏறக்குறைய 12 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். யந்திரம் அதில் பாதிக்கு மேல் சூடாக வீணடிக்கிறது. அப்படியும் ஐந்து யூனிட் தேறும். இந்த ஐந்து யூனிட்டை ஈயப் பாட்டரியில் சேர்த்து வைக்க வேண்டுமானால் 150 கிலோ பாட்டரியைச் சுமக்க வேண்டும். லித்தியம் பாட்டரியில் இது சுமார் 50 கிலோவாகக் குறைந்தது. 'ஆம்ப்பியர்' படகின் பாட்டரிகள் மொத்தம் 10 டன்; கொள்ளளவு 1,040 யூனிட். கணக்குச் சரியாக இருக்கிறதல்லவா? முன்னேற்றந்தான். ஆனாலும் ஒரு கிலோ எண்ணெய்க்கு ஐம்பது கிலோ பாட்டரி என்பது கப்பல்காரருக்கு இன்னும் பெரிய பாரம்.

லித்தியம், உலோகங்களிலேயே லேசானது. இதைக் கொண்டு பாட்டரி செய்யும் வழிக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் விட்டிங்ஹாம், குடெனஃப், யோஷினோ என்ற மூவர். 1991-ல் ஜப்பானில் ஸோனி கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-ல் மூவருக்கும் ரசாயன நோபல் பரிசு கிடைத்தபோது குடெனஃபுக்கு வயது 97! அவர்கள் செய்த பாட்டரிக்குள் நடப்பதும் ஓர் ஓடப் போக்குவரத்துத்தான். இரண்டு தகடுகள் இரு கரைகள், நடுவே திரவம். மின்சாரம் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் அக்கரை போய்க் கரித் தகட்டின் இடுக்குகளில் உட்காருகின்றன. உபயோகிக்கும்போது இக்கரைக்குத் திரும்புகின்றன. போய்வருவதில் தகடுகள் அதிகம் தேய்வதில்லை. அதனால்தான் ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்க முடிகிறது.

கரையிலும் ஒரு பாட்டரி

'ஆம்ப்பியர்' ஒரு முறை அக்கரை போகச் செலவானது சுமார் 150 யூனிட்தான். அப்படியானால் 1,040 யூனிட் பாட்டரி எதற்கு என்று கேட்கலாம். பாட்டரியை ஒவ்வொரு தடவையும் ஒட்ட வழித்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறைந்துவிடும். மேலாகக் கொஞ்சம் எடுத்து, உடனே நிரப்பிக்கொண்டிருந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். காற்று மழையில் அவசரத்துக்கும் கையிருப்பு வேண்டுமே.

ஒரு நாளைக்கு 34 நடை. ஒவ்வொரு துறையிலும் கார்கள் இறங்கி ஏறும் பத்து நிமிஷத்துக்குள் பாட்டரிக்கும் சாப்பாடு போட்டாக வேண்டும். சிக்கல் இங்கேதான் வந்தது. லாவிக்கும் ஒப்பெடாலும் சிற்றூர்கள். அங்கே வந்த மின்சாரக் கம்பி சில நூறு வீடுகளுக்குப் போதுமானதே தவிர, பத்து நிமிஷத்தில் இவ்வளவு சக்தியைப் படகு உறிஞ்சினால் தாங்காது. பெரிய கம்பி இழுப்பதென்றால் மலையெல்லாம் கடந்து வர வேண்டும், செலவு எகிறும். என்ன செய்தார்கள்? இரு துறைகளிலும் கரையிலேயே ஒரு பாட்டரியை வைத்தார்கள். படகு அக்கரையில் இருக்கும்போது அது மெதுவாக நிரம்பும். படகு வந்ததும் சட்டென்று கொட்டிக் கொடுக்கும். மெல்ல ஊறுகிற கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பி வைத்து, வயலிலிருந்து வரும் மாட்டுக்குக் காட்டுவதில்லையா? அதே யுக்தி.

இதைப் பார்த்தவுடன் ஒன்று விளங்கும். பாட்டரிப் படகுக்குக் கரை அருகில் இருக்க வேண்டும். அதே துறைக்கு, அதே நேரத்துக்கு, திரும்பத் திரும்ப வர வேண்டும். சென்னையிலிருந்து அந்தமானுக்கு நாட்கணக்கில் போகிற கப்பலுக்கு இது சரிப்படாது. ஆற்றையும் கழியையும் கடக்கிற ஓடத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது.

தூரத்தை நீட்டும் முயற்சியும் நடக்காமல் இல்லை. டென்மார்க்கில் ஏரோ தீவுக்கு 2019-ல் ஓடத் தொடங்கிய 'எலன்' 4,300 யூனிட் பாட்டரியைச் சுமந்தது. 2022-ல் அது ஒரே மூச்சில் 92 கிலோ மீட்டர் ஓடிக் காட்டிற்று. 2025 மே மாதம் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நீரில் இறக்கப்பட்ட 'சைனா ஸொர்ரில்லா' என்ற கப்பல் இவற்றையெல்லாம் சிறு பிள்ளைகளாக்கிவிட்டது. தென் அமெரிக்காவில் பூனோஸ் அயர்ஸுக்கும் உருகுவே நாட்டுக்கும் நடுவே ஓடுவதற்காகக் கட்டியது. 2,100 பிரயாணிகளை ஏற்றும். பாட்டரிகளின் எடை மட்டும் 250 டன்னுக்கு மேல். கொள்ளளவு 40,000 யூனிட்! பெயரில் சைனா என்றிருந்தாலும் சீனாவுக்குச் சம்பந்தமில்லை. உருகுவே நாட்டு நடிகை ஒருவரின் பெயர் அது.

எண்ணெயை அடியோடு விட முடியாத இடங்களில் இரண்டையும் கலந்து ஓட்டுகிறார்கள். டீஸல் யந்திரம் ஒரே சீராக ஓடினால் குறைவாகக் குடிக்கும். முன்னும் பின்னும் தள்ளித் துறையில் அணையும்போதும், அலை மோதும்போதும்தான் அதன் குடி அதிகம். அந்த நேரங்களில் பாட்டரி தோள் கொடுக்கும். யந்திரம் தன் பாட்டுக்கு ஓடும்.

அணைத்த பிறகு வெடித்தது

இதில் அபாயமே இல்லையா? இருக்கிறது. சாமான்யமான அபாயமும் அல்ல.

2019 அக்டோபர் 10-ந் தேதி நார்வேயில் 'இட்டெரோய்னிங்கன்' என்ற கலப்பினப் படகின் பாட்டரி அறையில் தீப்பிடித்தது. நல்லவேளையாக, படகு சொந்த வலுவிலேயே துறைக்குத் திரும்பியது. பிரயாணிகளும் சிப்பந்திகளும் பத்திரமாக இறங்கினார்கள். தீயும் அடங்கியது போல் தெரிந்தது. ஆனால், விடிவதற்குள் தளத்துக்குக் கீழே பயங்கரமாக வெடித்தது! பாட்டரிகளிலிருந்து கிளம்பிய வாயு உள்ளே தேங்கியதுதான் காரணம். நச்சு வாயு பட்டிருக்குமோ என்று தீயணைக்கும் படையினர் பன்னிரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

பாட்டரியைக் குளிர்விக்கும் திரவம் கசிந்ததிலிருந்து எல்லாம் ஆரம்பித்தது என்று பின்னால் நடந்த ஆராய்ச்சி சுட்டிற்று. இன்னொரு விஷயமும் தெரியவந்தது. அந்தச் சமயம் படகு டீஸலில் ஓடியது. பாட்டரியைக் கண்காணிக்கும் கருவிக்கும் பாட்டரிக்கும் தொடர்பு இல்லை. உபயோகத்தில் இல்லாத பாட்டரி சும்மாதானே கிடக்கிறது என்று விட முடியாது. அதன் வயிற்றில் சக்தி அப்படியே இருக்கிறது. கண்காணிப்பு அறுந்த நிலையில் படகைக் கிளப்பாதீர்கள் என்று நார்வேயின் கடல்துறை அதிகாரிகள் உடனே எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பினார்கள்.

லித்தியம் பாட்டரித் தீ விறகுத் தீ மாதிரி அல்ல. ஒரு செல் அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே ரசாயன மாறுதல் தொடங்கி, அந்தச் சூடே மேலும் சூட்டை வளர்க்கும். பக்கத்துச் செல்லுக்கும் தாவும். சிலவகைத் தகடுகள் தாங்களே பிராணவாயுவையும் கக்கும். ஆகையால் காற்றை அடைத்து அணைக்கும் வித்தை பலிக்காது. ஹைட்ரஜன் முதலிய எரியும் வாயுக்கள் வேறு கிளம்பும். குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். ஆனால் கடலில் கைக்கு எட்டுவது உப்பு நீர். அது மின்சாரத்தைக் கடத்தி இன்னொரு இடத்தில் ஷார்ட் சர்க்கியூட் உண்டாக்கலாம். எனவே, ஒரு செல் எரிந்தாலும் மற்றவற்றுக்குப் பரவாதபடி தடுப்புகள், வாயுவை வெளியேற்றத் தனிக் குழாய், பாட்டரிக்கென்றே தனி அறை என்று படகைக் கட்டும்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது. தரையில் பஸ் எரிந்தால் இறங்கி ஓடலாம். நடுத்தண்ணீரில் எங்கே ஓடுவது?

வைக்கத்தில் ஒரு சூரியப் படகு

நம் நாட்டில் இதற்கு வழி காட்டியது பக்கத்து மலையாளச் சீமை. 1924-ல் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டுமென்று கிளர்ச்சி நடந்து, ஈ.வே.ரா. சிறை புகுந்த அதே வைக்கம்தான். அங்கிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற படகு விடப்பட்டது. 75 பேர் உட்காரலாம். கூரை முழுதும் சூரியத் தகடுகள். கீழே லித்தியம் பாட்டரி. கடக்க வேண்டியது இரண்டரைக் கிலோ மீட்டர். வெயிலுக்கா நம் பக்கத்தில் பஞ்சம்? சிறந்த மின்சாரப் படகுகளுக்கான சர்வதேசப் பரிசு ஒன்று 2020-ல் அதற்குக் கிடைத்தது. ஸேன் நதியில் மோட்டாரை மாட்டி ஓட்டினாரே த்ரூவே, அவர் பெயரால் வழங்கும் பரிசு!

கூரையில் வெயிலைப் பிடிப்பதில் இன்னொரு நியாயமும் உண்டு. நார்வேயில் மின்சாரம் ஏறக்குறைய முழுதும் நீர்வீழ்ச்சியிலிருந்து வருகிறது. இந்தியாவில் பெரும் பகுதி நிலக்கரியை எரித்து வருகிறது. கம்பியில் வரும் மின்சாரத்தை மட்டும் நம்பினால், படகில் இல்லாத புகை ஓரளவு மின்சார நிலையத்துப் புகைபோக்கியில் போகும். காயலில் எண்ணெய் மிதக்காது என்பது மட்டும் நிச்சயம்.

பிறகு வந்தது கொச்சி 'வாட்டர் மெட்ரோ'. 2023 ஏப்ரலில் பிரதமர் தொடங்கி வைத்தார். தீவுகளை நகரத்தோடு இணைப்பதற்கு 38 துறைகள், 78 படகுகள் என்பது திட்டம். கட்டுவது கொச்சி கப்பல் தளம். நூறு பேர் ஏறும் முதல் படகுக்கு 'முசிரிஸ்' என்று பெயர். சங்க காலத்தில் யவனர் மரக்கலங்கள் மிளகு ஏற்றிச் சென்ற நம் முசிறியேதான் அது. தொடங்கியபோது குறைந்த கட்டணம் 20 ரூபாய்.

இந்தப் படகுகளுக்கு லித்தியம் டைட்டனேட் என்ற வகைப் பாட்டரியைப் பொறுக்கினார்கள். விலை அதிகம்; அதே சக்திக்கு எடையும் அதிகம். பின் ஏன் அதை எடுத்தார்கள்? பதினைந்து இருபது நிமிஷத்தில் நிரம்பிவிடும்; மற்ற வகைகளைவிட அதிகத் தடவை ஏற்றி இறக்கலாம்; சுலபத்தில் தீக்குப் போகாது. ஜனங்களைத் தினம் ஏற்றுகிற படகில் இந்த மூன்றாவது குணத்துக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் தகும்.

அப்படியும் ஒவ்வொரு படகிலும் ஒரு டீஸல் ஜெனரேட்டரை வைத்திருக்கிறார்கள். பாட்டரியில் மட்டும் ஓடினால் மணிக்கு 8 கடல் மைல். ஜெனரேட்டரும் கை கொடுத்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூடும். பாட்டரி ஏதாவது தகராறு செய்தால், அடுத்த துறை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பும் அதற்குத்தான்.