பெட்டிக்குள் முதிரும் சுருட்டு

1941 ஏப்ரல் நடுவில் ஓரிரவு லண்டனின் ஜெர்மின் தெருவில் ஜெர்மன் குண்டுகள் விழுந்தன. டியூக் தெருவில் இருந்த டன்ஹில் புகையிலைக் கடையும் இடிந்தது. அதிகாலை இரண்டு மணிக்குக் கடை மேலாளர் பிரதமர் சர்ச்சிலைத் தொலைபேசியில் அழைத்து, ஐயாவின் சுருட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னாராம். சுருட்டுப் பிரியர்கள் இன்றும் இதைச் சொல்லி மகிழ்வார்கள். எனக்கு அந்த மேலாளர்மேல் தனி மரியாதை உண்டு. ஊரே எரியும்போது தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைப் போய்ப் பார்த்தவர் அவர்.

அன்று விலையுயர்ந்த சுருட்டுக்குக் காவல் அப்படித்தான் இருந்தது. வாடிக்கையாளர் வாங்கிய பெட்டிகளைக் கடைக்காரரே தம் கிடங்கில் வைத்து முதிரவிடுவார். கேட்டபோது கேட்ட அளவு வீட்டுக்குப் போகும். செயிண்ட் ஜேம்ஸ் தெருவில் ராபர்ட் லூயிஸ் கடையில் சர்ச்சிலுக்கு 1900ஆம் ஆண்டிலிருந்தே கணக்கு இருந்தது. கென்ட்டில் அவருடைய சார்ட்வெல் வீட்டிலும் படிப்பறையை ஒட்டிய அறையில் மூவாயிரம் நாலாயிரம் சுருட்டுகள் இருந்தன. பெரியவை, சிறியவை, உறையிட்டவை, உறையில்லாதவை என்று அலமாரித் தட்டுகளில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். பெரும்பாலும் கியூபாச் சரக்கு. போர்க்காலத்தில் கியூபாவிலிருந்து பரிசாக வந்தவற்றை, விஷம் கலந்திருக்குமோ என்று உளவுத்துறையின் விக்டர் ராத்ஸ்சைல்ட் சோதித்துப் பார்த்த கதையும் உண்டு.

காப்பீடு? போர்ச் சேதத்தைத் தனியார் நிறுவனங்கள் ஏற்க மறுத்துவிட்டன. அந்தக் குண்டு விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் போர்ச் சேதச் சட்டம் நிறைவேறி, வீட்டுச் சாமான்களுக்கும் அரசே ஒரு திட்டம் வைத்தது. சுருட்டுக்கென்று தனியாக யாரும் எதுவும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. எத்தனை பெட்டி, எந்த ஆண்டுச் சரக்கு, எதை எப்போது எடுக்கலாம் என்பதெல்லாம் கடைக்காரரின் பேரேட்டிலும் அவர் நினைவிலும் இருந்தன.

இன்றும் லண்டனில் சில கடைகள் வாடிக்கையாளருக்குப் பெட்டகம் தருகின்றன. ஆனாலும் பெரிய சேகரிப்புகள் பல வீட்டுக்கு வந்துவிட்டன. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் பொது இடக் கட்டடங்களுக்குள் புகைப்பது தடையானபின் சுருட்டுக்கு மிஞ்சிய இடம் பெரும்பாலும் வீடும் தோட்டமும்தான். உபரி அறையில் ஆளுயர ஹியூமிடார், அதாவது சுருட்டுக்கான ஈரப்பத அலமாரி, நிற்கிறது. தேவதாரு வாசம் வீசும் தட்டுகள், 65 முதல் 70 சதவீத ஈரப்பதம், 18 டிகிரி குளிர், எல்லாவற்றையும் காட்டும் சிறு திரை. உள்ளே இருப்பதன் மதிப்பும் வேறாகிவிட்டது. 2022இல் கோஹிபா, டிரினிடாட் என்ற கியூபா ரகங்களின் விலை உலகெங்கும் உயர்ந்தபோது பிரிட்டனில் பல வகைகளின் விலை இரட்டிப்பைத் தாண்டியது. பத்தாண்டுகளுக்கு முன் வாங்கி மறந்துபோன பெட்டி இன்று காரின் விலையோடு போட்டி போடலாம்.

இதை வீட்டுக் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதுதான் ஆபத்து. சாதாரண பாலிசியில் தீ, திருட்டு, குழாய் வெடிப்பு எல்லாம் உண்டு. ஆனால் சுருட்டைக் கொல்வது பெரும்பாலும் இவை அல்ல. மின்விசிறி நின்று ஈரம் மெல்ல இறங்கும். ஈரம் மிகுந்து பூஞ்சை படரும். வெயில் காலத்தில் அறை 24 டிகிரியைத் தாண்டினால், புகையிலைக்குள் தூங்கிய முட்டைகள் பொரிந்து சிறு வண்டுகள் சுருட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். படிப்படியான சேதம், பூச்சி, பூஞ்சை, இயந்திரக் கோளாறு ஆகிய நான்கும் வழக்கமாக விலக்குப் பட்டியலில் பொடி எழுத்தில் இருக்கும். சுருட்டுக்கு நேரக்கூடியதில் முக்காலும் அங்கேதான் கிடக்கிறது.

பழையதற்குப் புதியது தருகிறோம் என்ற வாக்கும் இங்கே தலைகீழாகிவிடுகிறது. சோபா எரிந்தால் புது சோபா வந்தால் லாபம்தான். இருபது வருடம் உறங்கி முதிர்ந்த பெட்டிக்குப் பதிலாகப் போன மாதம் சுற்றிய பெட்டி வந்தால் அந்த இருபது வருடத்தை யார் தருவது? அதனால்தான், ஏலச் சந்தை விலையைப் பார்த்து முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் எழுதித் தரும் சேகரிப்புப் பாலிசிகளைத் தேடுகிறார்கள். வீட்டுப் பாலிசியோடு நிற்பவருக்கு வேறு சிக்கலும் காத்திருக்கிறது. பல வீட்டுப் பாலிசிகளில் ஒரு பொருளுக்கு 1,500 அல்லது 2,000 பவுண்டு என்ற உச்சவரம்பு உண்டு. மொத்தத் தொகையைக் குறைத்துச் சொன்னால் விகிதாசார வெட்டும் விழலாம். 40,000 பவுண்டு மதிப்புள்ளதை 20,000 என்று எழுதியவருக்கு 10,000 இழப்புக்குக் கிடைப்பது 5,000தான். 2012ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, கேட்ட கேள்விகளுக்குப் பொறுப்போடு உண்மை சொல்வது பாலிசிதாரரின் கடமை.

தபால்தலை, நாணயம் சேர்ப்பவருக்கு இல்லாத இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தச் சேகரிப்பு ஒவ்வொரு மாலையும் குறைகிறது. மார்ச்சில் எழுதிய பட்டியல் ஜூனில் பொய்யாகிவிடும். அதனால் இழப்பீடு கேட்கும்போது சான்றுகள் வேண்டும். பெட்டியடி முத்திரை, தயாரிப்பு மாதத்தின் குறியீடு, பிரிட்டிஷ் இறக்குமதி ஒட்டுச்சீட்டு, ரசீது, படம் ஆகியவற்றோடு மிச்சம் எத்தனை என்பதும் தேவை.

திருச்சி சுருட்டுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் 1887ஆம் ஆண்டின் முதல் நாவலிலேயே அதன் சாம்பலைத் துப்பாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது லண்டனில் புழங்கியது. அது முதிரவைத்துப் பூட்டும் பொருளாக இல்லாமல் வாங்கியதும் பற்றவைக்கும் பொருளாக இருந்தது. காப்பீடும் கேட்டதில்லை.

செயிண்ட் ஜேம்ஸ் தெருவின் ராபர்ட் லூயிஸ் கடை இன்று ஜேம்ஸ் ஜே. ஃபாக்ஸ் என்ற பெயரில் நடக்கிறது. பழைய பேரேடுகள் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. யாருக்கு எத்தனை போயிற்று என்று கடைக்காரர் மையால் எழுதிய வரிசைகள். அந்தப் பேரேட்டின் வேலையை இன்று வீட்டுக்காரர் மாலையில் தானே செய்கிறார்: ஹியூமிடாரைத் திறந்து ஒன்றை எடுத்து, திரையில் ஈரம் 67 என்று பார்த்துக்கொண்டு, கதவை மூடி, கைபேசிப் பட்டியலில் 24ஐ 23 ஆக்கிவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறார்.